சண்டீன் 2008ல் போயிருக்க வேண்டுமா?

கேள்வி, ஜனவரி 9
2008 பெப்ரவரியில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி ரீமின் மற்ஸ் சண்டீன் தன்னை வேறு ரீமுக்கு மாற்ற விடவில்லை. விட்டிருந்தால் லீஃப்ஸுக்கு நாலு இளம் ஆட்கள் கிடைத்திருப்பார்கள், அவருக்கும் ஒரு ஸ்ரான்லி கோப்பை, அதுதான் வட அமெரிக்க ஹொக்கிச் சங்கமான என்.எச்.எல்.லின் சம்பியன் கோப்பை, கிடைத்திருக்கும். பிடிவாதத்தால் இரண்டு பக்கமும் நட்டம். இவரை ஏன் இன்னும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள்?

ஜனவரி 9, இரவு
ஒவ்வொரு குளிர்காலமும் இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்கள். தம்பி, நீங்கள் வயதில் சின்னவர் என்று நினைக்கிறேன். 1994ல் அந்த மனுசன் இங்கே வந்திறங்கியபோது ரொறன்ரோ எப்படி முகத்தைத் தூக்கி வைத்திருந்தது என்று பார்த்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

யாரை அனுப்பிவிட்டு இவரை எடுத்தார்கள்? வென்டல் கிளார்க்கை. சஸ்காச்சுவானில் கெல்விங்ரன் என்ற சின்ன ஊர்க்காரர், ரீமின் கப்ரன், கோலும் அடிப்பார், தேவைப்பட்டால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆளையும் அடிப்பார். ஊருக்கே செல்லப்பிள்ளை. அவரோடு இன்னும் இரண்டு பேரையும் இளம் வீரர் தேர்வில் முதற்சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையையும் கியூபெக் நோர்டிக்ஸுக்குக் கொடுத்து, 23 வயது சுவீடன்காரரை வாங்கினார் மனேஜர் கிளிஃப் ஃபிளெச்சர். நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. நியூஃபவுண்ட்லாண்டில் இருந்து வந்த ஃபோர்க்லிஃப்ற் சாரதி ஒருவர் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, சுவீடன்காரனுக்கு முதுகெலும்பு இல்லை, ஒரு இடி வாங்கினால் படுத்துவிடுவான் என்று வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். உடுப்பில் ராசியில்லாத இலக்கம் 13 வேறு. அதையும் விடவில்லை.

வந்த முதல் நாளில் இருந்தே கிளார்க் இல்லாத குற்றம் இவர் தலையில். அதைச் சுமந்துகொண்டு 13 பருவம் ஆடினார். அதில் 12 பருவம் ரீமில் அதிகப் புள்ளி எடுத்தது அவர்தான் (கோல் அடித்தாலும் அதற்கு உதவினாலும் ஒரு புள்ளி).

ஜனவரி 10
கேள்விக்கு நேரே வருகிறேன். 2008ல் லீஃப்ஸ் பிளேஓஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்களுக்கு, போக வழியில்லை என்று தெரிந்துவிட்டது. சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சண்டீன், பிரையன் மக்கேப், தோமஸ் கபர்லே, டார்சி ரக்கர், பாவெல் குபினா. ஐந்து பேரும் அசையவில்லை. அந்த நிபந்தனையை வீரர் தனியாக எழுதிக்கொள்ளவில்லையே, கழகமும் சேர்ந்துதானே கையெழுத்து வைத்தது. வைத்தவர்களை விட்டுவிட்டு, எழுதியபடி நடந்த ஆளைப் பிடிவாதக்காரன் என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு கூத்து. அந்த ஜனவரியில் மனேஜரை நீக்கிவிட்டு இடைக்கால மனேஜராக யாரைக் கொண்டுவந்தார்கள்? அதே கிளிஃப் ஃபிளெச்சரை! 1994ல் கூட்டிவந்தவரே 2008ல் தயவுசெய்து போ என்று கேட்கவேண்டி வந்தது.

ஜனவரி 10, பிறகு
அப்போது சண்டீன் எழுத்தில் ஒரு அறிக்கை விட்டார். பருவத்தின் மிச்சத்துக்கு மட்டும் வேறு ரீமுக்குப் போகிற வாடகை வீரர் என்ற கதையில் தனக்கு நம்பிக்கை இல்லை, கோப்பை வெல்வதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய விடயம், ஆனால் அக்டோபரில் இருந்து ஜூன் வரைக்கும் அந்த ரீமோடு நடந்து வந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்பது அதன் சாரம். வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணை மட்டும், "வசனம் நல்லாத்தான் இருக்கு, டிசம்பருக்குள்ள என்ன நடக்குதெண்டு பாப்பம்" என்றார்.

அண்ணைக்கு வாய் முகூர்த்தம் அப்படி. அது பிறகு.

ஜனவரி 12
மேலே ஒருவர், "பெரிய ஆட்டங்களில் சண்டீன் காணாமல் போய்விடுவார்" என்று எழுதியிருக்கிறார். இதை நான் சும்மா விடப்போவதில்லை.

2001 பிளேஓஃபில் ஒட்டாவாவுடன் முதல் ஆட்டம். முழு நேரமும் 0-0. ஓவர்ரைமில் கோல் அடித்தது யார்?

அதுக்கு அடுத்த வருடம், 2002. மணிக்கட்டு உடைந்து முதல் சுற்றின் பாதியோடு வெளியே போனார். ஐலண்டர்ஸை ஏழு ஆட்டத்தில், ஒட்டாவாவை ஏழு ஆட்டத்தில் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார்கள். கரொலைனாவுடனான தொடருக்கு அவர் திரும்பி வந்தார். ஆறாவது ஆட்டம், மே 28, ரொறன்ரோவில். தோற்றால் பருவம் முடிந்தது. கரொலைனா 1-0 முன்னிலை. எங்கள் கோலியை (கோல் காப்பாளரை) வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கியாகிவிட்டது. நான் ஒரு நண்பன் வீட்டு பேஸ்மென்றில், சோபாவில் இருக்கமுடியாமல் ரிவிக்கு முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டு இருந்தேன். மிச்சம் 22 செக்கன் இருக்கும்போது கோல் வாசலில் நடந்த தள்ளுமுள்ளுக்குள் இருந்து பக்கை, அந்த ரப்பர் வட்டை, உள்ளே போட்டது சண்டீன். மேலே இருந்து நண்பனின் அம்மா என்ன விழுந்தது என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தா.

ஓவர்ரைமில் மார்ட்டின் ஜெலினா அடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார், சரி. ஆனால் அதைச் சண்டீன் காணாமல் போன ஆட்டம் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஜனவரி 12, நள்ளிரவு
மேலே எழுதியதை வாசித்தபிறகு தோன்றியது. அவர் பக்கத்தில் ஆட யாரைக் கொடுத்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். அலெக்சாண்டர் மொகில்னி வந்த பருவங்களை விட்டுவிடுங்கள், கரி ரொபேர்ட்ஸையும் விட்டுவிடுங்கள். மற்றப்படி பல வருடங்கள் மையத்தில் அவரும், இரண்டு பக்கமும் அந்த நேரம் யார் காலியாக இருந்தார்களோ அவர்களும்தான். கியூபெக்கில் ஜோ சாக்கிக்கோடு ஒரே அறையில் உடுப்பு மாற்றியவர் இவர். 1992-93ல் அங்கே 114 புள்ளி எடுத்தார், தொடர்ந்து 30 ஆட்டங்களில் புள்ளி. அந்த வயதிலேயே அவ்வளவு செய்தவருக்கு இரண்டு நல்ல விங்கர் கொடுத்து வைத்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பார்?

ஜனவரி 15
கோப்பி வாங்கப் போன இடத்தில் யோசித்தேன். ரிம் ஹோர்ட்டன் என்பவர் லீஃப்ஸின் பின்வரிசை வீரர், கடைசியாகக் கோப்பை எடுத்த 1967 ரீமில் இருந்தவர். ஸ்காபரோத் தமிழர் பாதிப்பேருக்கு அது கடையின் பெயர் மட்டும்தான். 1967க்குப் பிறகு ரொறன்ரோவுக்குக் கிடைத்த ஒரே கப் அதுதான், டபுள் டபுள், இரண்டு கிரீம் இரண்டு சீனி போட்ட கோப்பி.

ஜனவரி 16
இரண்டு திருத்தம், மற்றவர்கள் எழுதியதற்கு.

ஒன்று, 1996ல் கொலராடோ கோப்பை எடுத்தபோது சண்டீன் அங்கே இல்லை. நோர்டிக்ஸ் 1995ல் கொலராடோவுக்கு இடம்பெயர்ந்தது, இவர் அதற்கு ஒரு வருடம் முன்பே இங்கே வந்துவிட்டார். சாக்கிக்கும் பீற்றர் ஃபோர்ஸ்பேர்க்கும் முதல் வருடத்திலேயே கோப்பையைத் தூக்கினார்கள். இவர் ரொறன்ரோவில் நின்றார். தலைவிதி என்பார்களே.

இரண்டு, என்.எச்.எல்.லில் ஆடிய முதல் ஐரோப்பியர் சண்டீன் என்று எழுதியவருக்கு: 1989 வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட முதல் ஐரோப்பியர்தான் அவர். ஆடியவர்கள் எத்தனையோ பேர் அவருக்கு முன்பே உண்டு. லீஃப்ஸிலேயே 1973ல் இருந்து பேரியா சால்மிங் ஆடினார். சுவீடன்காரன் கோழை என்று சொல்லி மற்ற ரீம்காரர்கள் அவரைத் தேடித் தேடி அடித்தார்கள். முகம் கிழிந்து தையல் போட்டுக்கொண்டு திரும்பவும் ஆடவந்தவர். சால்மிங் அடி வாங்கித் திறந்த கதவால்தான் சண்டீன் நடந்து வந்தார். அந்த ஃபோர்க்லிஃப்ற் சாரதிக்கு சால்மிங் என்றால் உயிர், அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவிடமாட்டார். ஆனால் சண்டீனுக்கு முதுகெலும்பு இல்லையாம். மனுசருக்குள் இப்படியும் ஒரு கணக்கு ஓடும்.

2022 நவம்பரில் ஏ.எல்.எஸ். என்ற தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோயோடு சால்மிங் ரொறன்ரோவுக்கு வந்தார். பேச முடியாத நிலை. ஐஸில் ஒரு பக்கம் லீஃப்ஸின் பழைய கப்ரன் டரில் சிற்லர், மறுபக்கம் சண்டீன். அரங்கம் எழுந்து நிற்க, சால்மிங்கின் கையை சிற்லர் தூக்கிப் பிடித்தார். அந்த மாதமே சால்மிங் போய்விட்டார்.

ஜனவரி 20
சண்டீனை எல்லாரும் சாமியார் போலப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. 2004 ஜனவரியில் நாஷ்வில்லுடன் ஆட்டம், ஷொட் அடிக்கும்போது ஸ்ரிக் உடைந்தது. கோபத்தில் உடைந்த துண்டைக் கண்ணாடிக்கு மேலால் சனத்துக்குள் எறிந்துவிட்டார். நல்லவேளை யாருக்கும் காயம் இல்லை. ஒரு ஆட்டத் தடை. அடுத்த ஆட்டம் ஒட்டாவாவுடன், சண்டீன் இல்லை. ஒட்டாவாக் கப்ரன் டானியல் அல்ஃபிரெட்சனுக்கு ஸ்ரிக் உடைந்தது. அவர் அதை எறியப்போவது போலக் கையை ஓங்கிவிட்டு, பிறகு மெதுவாகக் கீழே போட்டார். இரண்டு பேரும் சுவீடன், தேசிய ரீமில் ஒன்றாக ஆடுகிறவர்கள். ரொறன்ரோ சனம் பல வருடம் அல்ஃபிரெட்சன் பக்கைத் தொட்டபோதெல்லாம் ஊளையிட்டது.

அந்தக் குறும்பை நான் ரசித்தேன். இதை லீஃப்ஸ்காரர் மத்தியில் வாய்விட்டுச் சொல்ல இத்தனை வருடம் தேவைப்பட்டது.

ஜனவரி 21
ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, அவர் ஆடினதில் அப்படி என்ன விசேடம் என்று. எண்களை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறடி ஐந்து அங்குலம், கைகள் இன்னும் நீளம். வேகமாக ஓடுவது போலவே தெரியாது, ஆனால் இரண்டு எட்டில் ஆளைத் தாண்டியிருப்பார். வலப்பக்க ஓரத்தால் வந்தால், தடுக்க வருகிறவனை ஒரு பக்க உடம்பால் மறித்து வைத்துக்கொண்டு, பக்கை அவனுக்கு எட்டாத தூரத்தில் வைத்தபடி கோல் வாசலை நோக்கி உள்ளே வளைவார். வருகிறவன் அவர் தோளில் தொங்காத குறை. அப்புறம் பாக்ஹாண்ட். ஸ்ரிக்கின் பின்பக்கத்தால் அடிக்கும்போது சாதாரண ஆட்களுக்குப் பக் நிலத்தோடு உருளும். இவர் அதைக் கோலியின் தோளுக்கு மேலால் மூலைக்குத் தூக்குவார், முன்பக்கத்தால் அடிக்கிற அதே பலத்தில்.

என் மகன் சின்ன வயதில் ஸ்காபரோவில் நகரசபையின் வெளி ஐஸ் தளத்தில் அதைப் பழகப் பார்த்தான். பின்பக்கம் வளைவாக இருப்பதால் பக் வழுகிக்கொண்டே போகும். கால் விரல் விறைக்கும் வரைக்கும் முயற்சி செய்வான். தாய் வானுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருப்பா. பழைய ஸ்கேற், யாரோ போட்டுக் கழித்த கவசம், அதுக்கே எங்களுக்குக் கை கடித்தது. புதிதாக எல்லாம் வாங்கிக் கொடுத்து விடிய நாலரைக்குப் பிள்ளையை அரங்குக்குக் கொண்டுபோகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு இப்பவும் மரியாதைதான். எங்கள் வீட்டில் அது இரண்டு குளிர்காலத்தோடு கூடைப்பந்தாக மாறிவிட்டது.

ஜனவரி 22
சுவீடன் பெலாருஸிடம் தோற்றது தெரியுமா என்று கேட்டவருக்கு: ஆம், தெரியும். ஆம், 2002 ஒலிம்பிக் காலிறுதி. ஆம், நடு ஐஸுக்குப் பக்கத்தில் இருந்து அடித்த பக் சுவீடன் கோலி ரொமி சாலோவின் தலையில் பட்டுப் பின்னால் உருண்டு கோல். 4-3. அந்த ரீமில் சண்டீன் இருந்தார். நாலு வருடம் கழித்து ரூரினில் அவரே கப்ரன், பின்லாந்தை 3-2 என்று வென்று தங்கம். மூன்றாவது பகுதி தொடங்கிப் பத்துச் செக்கனில் லிட்ஸ்ட்ரோம் வெற்றிக் கோல் அடித்தபோது அதற்குப் பக் கொடுத்தவர்களில் சண்டீனும் ஃபோர்ஸ்பேர்க்கும் உண்டு. கோப்பையே எடுக்காதவர் என்று எழுதுகிறவர்கள் இதையும், 1991, 1992, 1998 உலகப் போட்டித் தங்கங்களையும் எங்கே வைப்பார்கள்? ஸ்ரான்லி கோப்பை மட்டும்தான் கோப்பை என்பது வட அமெரிக்கக் குணம்.

ஜனவரி 27
வன்கூவரில் இருக்கிற அண்ணை பொறுமையாக இருந்துவிட்டு இப்போது கேட்டிருக்கிறார்: "அக்டோபர் முதல் ஜூன் வரை என்று சொன்னவர் டிசம்பரில் எங்கள் ரீமில் எப்படிச் சேர்ந்தார்?"

இதுதான் சரியான கேள்வி. முதலில் கேட்டதை விட நல்ல கேள்வி.

2008 கோடையில் ஒப்பந்தம் முடிந்து அவர் சுதந்திர ஆள். வன்கூவர் இரண்டு வருடத்துக்கு 20 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னது. அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சுவீடனுக்குப் போய்விட்டார். ஆடுவதா விடுவதா என்று அரை வருடம் யோசித்தார். டிசம்பரில் வன்கூவருடன் அந்தப் பருவத்துக்கு மட்டும் கையெழுத்து. 41 ஆட்டம், 28 புள்ளி. பிளேஓஃபில் இரண்டாவது சுற்றில் சிக்காகோவிடம் தோல்வி. 2009 செப்டெம்பர் 30ல் ஓய்வு.

ஆக, தான் வேண்டாம் என்று சொன்ன பாதிவழிப் பயணத்தையே பத்து மாதத்துக்குள் செய்தார். இதைச் சுற்றி வளைத்துப் பேசி மறைக்க நான் தயாரில்லை. ஓய்வு பெறும் வயதில் ஆட்டத்தை விடமுடியாமல் தவிக்கிற மனுசனின் தடுமாற்றம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு மாதிரி எடுத்தால் சண்டை பிடிக்கமாட்டேன். பெப்ரவரியில் லீஃப்ஸ் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தபோது சொன்ன வார்த்தையை லீஃப்ஸ் சம்பளம் முடியும்வரை காப்பாற்றினார். அதுவே எனக்குக் காணும்.

ஜனவரி 27, பிறகு
வன்கூவர் உடுப்போடு அவர் முதல்தரம் ரொறன்ரோவுக்கு வந்தது 2009 பெப்ரவரி 21. ரிக்கெற் வாங்க வசதி இல்லை, அது வேறு கதை, ரிவியில்தான். ஊளை விழுமோ கைதட்டு விழுமோ என்று யாருக்கும் தெரியாது. இடையில் பெரிய திரையில் அவருடைய பழைய படங்களைப் போட்டார்கள். சனம் எழுந்து தட்டத் தொடங்கி நிற்பாட்டவில்லை. மனுசன் கண்ணைத் துடைத்தார். அதுக்குப் பிறகு ஷூட்டவுட்டில், சமநிலையை முறிக்க ஒவ்வொருவராகக் கோலியைச் சந்திக்கும் கட்டத்தில், கடைசியாக வந்து, எங்களுக்கு எதிராகவே வெற்றிக் கோலை அடித்துவிட்டுப் போனார். நாங்கள் தோற்றோம். பேஸ்மென்றில் நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். பார்த்துக்கொண்டிருந்த ஒருவருடைய மாப்பிள்ளை, ஊரில் இருந்து புதிதாக வந்தவர், "யார் வெண்டது?" என்று இரண்டு தரம் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பெப்ரவரி 2
"அன்றைக்குப் போயிருந்தால் கோப்பை கிடைத்திருக்கும்" என்ற பகுதிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கிடைத்திருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? அந்த ஐந்து பேரில் 2008க்குப் பிறகு ஸ்ரான்லி கோப்பையைத் தூக்கியவர் கபர்லே. 2011 பெப்ரவரியில் பொஸ்ரனுக்குப் போனார், ஜூனில் கோப்பை. இறுதியில் யாரை வென்றார்கள்? வன்கூவரை, ஏழாவது ஆட்டத்தில். சண்டீன் இரண்டு வருடம் கூட ஆடி அங்கேயே நின்றிருந்தாலும் கடைசிப் படியில் வழுக்கியிருப்பார். இந்தக் கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும்?

லீஃப்ஸுக்கு நாலு இளம் ஆட்கள் வந்திருப்பார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன், யாரோ வந்திருப்பார்கள். அந்தக் காலத்து நிர்வாகம் அவர்களை வைத்து என்ன செய்திருக்கும் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

பெப்ரவரி 4
எண்கள் கேட்டவருக்கு: மொத்தம் 1346 ஆட்டம், 564 கோல், 1349 புள்ளி. லீஃப்ஸுக்கு மட்டும் 981 ஆட்டம், 420 கோல், 987 புள்ளி. 2007 அக்டோபரில் சிற்லரின் கோல் சாதனையையும் புள்ளிச் சாதனையையும் ஒரே ஆட்டத்தில் தாண்டினார். 2012ல் தகுதி வந்த முதல் வருடமே ஹொக்கிப் புகழ் மண்டபம், அதே வருடம் சாக்கிக்கும். 2016ல் இலக்கம் 13ஐ லீஃப்ஸ் நிரந்தரமாக ஓய்வுக்கு அனுப்பியது.

என்ன பார்க்கலாம் என்று கேட்ட தங்கச்சிக்கு: 1991 உலகப் போட்டி, சோவியத் யூனியனுக்கு எதிரான கடைசி ஆட்டம். இருபது வயதுப் பெடியன் சோவியத்தின் பெரிய பின்வரிசை வீரர் ஃபெரிசோவைத் தாண்டிப்போய் வெற்றிக் கோல் அடிப்பதைத் தேடிப் பாருங்கள். அடுத்தது 2006 அக்டோபர் 14, கல்கரியுடன். ஓவர்ரைம், லீஃப்ஸுக்கு ஒரு ஆள் தண்டனையில் வெளியே, ஏற்கனவே சண்டீன் இரண்டு கோல் அடித்தாகிவிட்டது. வலப்பக்கத்தால் வந்து ஒரே அடி, கல்கரிக் கோலி கிப்ருசோஃப் அசைவதற்குள் பக் உள்ளே. ஹற்ரிக், ஆட்டம் வெற்றி, 500வது கோல், மூன்றும் ஒரே அடியில். ஒரு சுவீடன்காரர் 500 தொட்டது அதுதான் முதல் தரம். முழு ஆட்டமும் கிடைத்தால் முழுக்கப் பாருங்கள், இரண்டாவது கோலும் மோசமில்லை.